பெரட்டுக்குப் போகாதவளின் பிள்ளைகள்

எனக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிற்று. மற்றக் காலைவிட அது நாலு விரற்கடை குட்டை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்குக் கால்தான் முதல். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏற முடியாதவளுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. எனக்குப் பதினாறு வயதானபோது கணக்கப்பிள்ளை என் அப்பாவிடம், "இவள புள்ளக் காம்பராவுல போட்டுப் பாப்போம்" என்றார். அப்பா சரி என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பொகவந்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலத்தைத் தாண்டி இரண்டு மைல் மேலே ஏறினால் எங்கள் டிவிஷன். பிள்ளைக் காம்பரா, ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கீழ் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. ஒரு கோடியில் அடுப்பு. குறுக்குச் சட்டங்களில் பழைய சேலைகளைக் கட்டித் தொட்டில் போட்டிருப்போம். காலையில் ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடிப் பேர் கொடுக்கும் முன்பே தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பத்து மணிக்கு ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவார்கள். மற்ற நேரமெல்லாம் நான்தான். தண்ணீர் எடுக்கவும் துணி அலசவும் உதவிக்கு ஒரு வயதான அம்மா இருந்தாள். இருபத்துநாலு வயதிலேயே ஊரெல்லாம் என்னை 'ஆயம்மா' என்று கூப்பிட்டது. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கு வோட்டு இல்லாமல் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஆண்கள் பெரட்டுக் களத்தில் நின்று அதைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். பிள்ளைக் காம்பராவில் நாங்கள் பேசிக்கொண்டது பால்மாவைப் பற்றியும் வயிற்றோட்டத்தைப் பற்றியும் சிரங்கைப் பற்றியும்தான்.

அங்கே ஒரு விதி இருந்தது. பெரட்டில் பேர் விழுந்த தாயின் பிள்ளைக்குத்தான் தொட்டில், அந்தப் பிள்ளைக்குத்தான் பால். வேலைக்குப் போகாதவளின் பிள்ளை அவளோடு லயத்தில் இருக்க வேண்டியது. மலை வேலைகளுக்கெல்லாம் பெரியவராக இருந்த கண்டாக்கையா வாரத்தில் ஒரு நாள் வந்து, என் நோட்டில் உள்ள பிள்ளைகளின் பேரையும் தன் கையிலுள்ள பேர்களையும் சரிபார்ப்பார். நான் வேலைக்கு வந்த எட்டு வருஷத்தில் அந்த விதியை யோசித்துப் பார்த்ததே இல்லை. சூரியன் கிழக்கே உதிப்பது போல அதுவும் ஒன்று என்று இருந்தேன்.

மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு குடும்பம் இருந்தது. புருஷன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். அதிகம் பேசமாட்டார். பெண்சாதிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்து எடுப்பதில் அந்த அக்காவின் கைக்கு ஈடு கிடையாது. பத்து மணிக்குப் பால் கொடுக்க இறங்கி வரும்போது, அவளுடைய சிரிப்புச் சத்தம் படியேறும் முன்பே உள்ளே வந்துவிடும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, யார் யாரோடு சண்டை, எந்தக் கங்காணி வழுக்கி விழுந்தார் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டுத்தான் போவாள். ஐந்து வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது.

மூன்றாவது பிறந்த பிறகு அவள் வரவில்லை. பிள்ளைப்பேற்று லீவு முடிந்தும் பெரட்டுக்கு வரவில்லை. உடம்பு தேறவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வயதுப் பையனின் பேரையும் நோட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் அந்த ஐந்து வயதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவளால் தூக்க முடியாத பாரம். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, பிள்ளையைச் சரியாமல் இரண்டு கையாலும் பின்னிப் பிடித்திருந்தாள். பின்னால் தம்பி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆயம்மா, பாப்பாவுக்குப் பால் வேணும். அம்மா குடுக்க மாட்டேங்குது."

"ஏன் குடுக்கல?"

"தெரியாது. சொவத்தப் பாத்துக்கிட்டே இருக்கு."

நான் அன்றைக்குச் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு டின்னில் கொஞ்சம் பால் ஊற்றிக் கொடுத்தேன். "இங்க வரக் கூடாது பாப்பா. ஒங்கம்மா வேலைக்கு வந்தாத்தான் இங்க வரலாம். அம்மாகிட்ட சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். பால் சிந்தாமல் டின்னையும் பிள்ளையையும் அவள் எப்படி ஒருசேரக் கொண்டுபோகப் போகிறாள் என்று யோசித்தேனே ஒழிய, அதற்கு மேல் யோசிக்கவில்லை. கண்டாக்கையா வருகிற நாள் அது.

ஆனாலும் அந்தக் குழந்தையின் கை எனக்கு மறக்கவில்லை. இரண்டு மாதக் குழந்தையின் கை மணிக்கட்டில் மடிப்பு விழுந்திருக்க வேண்டும். அந்தக் கையில் தோல் தொங்கியது.

வேலை முடிந்ததும் மேல் லயத்துக்கு ஏறிப் போனேன். என் காலுக்கு அது அரை மணி நேரப் பாதை. காம்பராவில் அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருக்கவில்லை. நான் பேசப் பேச என் வாயைப் பார்த்தாளே தவிர எதுவும் சொல்லவில்லை. புருஷன் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்துங்கண்ணே இப்பிடி?" என்று கேட்டேன்.

"புள்ள பொறந்த பத்தாம் நாள்ல இருந்து. தூங்க மாட்டேங்குறா. சாப்புட மாட்டேங்குறா. கோடாங்கிய வச்சி ரெண்டு வெள்ளிக்கெழம பாத்தாச்சி. ஏதோ கன்னி புடிச்சிருக்குன்னு சொல்றாரு. இன்னும் ஒரு வெள்ளிக்கெழம இருக்கு."

அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. மலையில் எட்டு மணி நேரம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் மாவு பிசைந்து, மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு மனைவிக்கும் ஊட்டிக்கொண்டிருந்த மனிதர். பகலில் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அவர் மூத்த பெண்ணைக் கை காட்டினார்.

எங்கள் டிவிஷனுக்கு வாரம் ஒரு தரம் வருகிற மருத்துவிச்சி ஒரு சிங்களப் பெண்மணி. வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக அடுத்த டிவிஷனிலிருந்து நடந்தே வருவார். எல்லாரும் 'நோனா' என்போம். அவர் தமிழ் அவருடைய தமிழ்தான். ஆனால் பிரசவம் பார்க்க அது போதும். வருகிற வியாழக்கிழமை நோனாவிடம் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டு இறங்கி வந்தேன். அது திங்கட்கிழமை.

புதன்கிழமை முற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு வந்த தாய்மார் மழைக்குப் போர்த்திய கம்பளியோடு நனைந்து நின்றபோது, அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை இடுப்பில் பிள்ளை இல்லை.

"ஆயம்மா, அம்மா பாப்பாவ எங்கயோ வச்சிட்டு வந்துருச்சி. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

உதவிக்கார அம்மாவிடம் அடுப்பையும் பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. என் ஓட்டம் மற்றவர்களின் நடை. கம்பளியோடு நின்ற நாலைந்து பேர் எனக்கு முன்னே ஓடினார்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு தேயிலை மலை. இடுப்புக்கு மேல் உயர்ந்த நிரைகள். மழைச் சத்தத்தில் குழந்தையின் அழுகை கேட்கவில்லை. ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து போனார்கள். எனக்கு மேட்டில் ஏற முடியாததால் கீழ்ப்பக்கம், தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானை ஒட்டிப் போனேன்.

அக்காவைத்தான் முதலில் கண்டேன். கானின் கரையில் நனைந்துகொண்டு குந்தியிருந்தாள். அவளுக்குப் பத்தடி தள்ளி, ஒரு பெரிய தேயிலை மரத்தின் அடியில், கிளைகளுக்கு உள்ளே தள்ளி, ஒரு சேலைச் சுருட்டு. மேலே அவளுடைய கம்பளியை நாலாக மடித்துப் போர்த்தியிருந்தது. மழை அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் முழங்காலில் விழுந்து உள்ளே கையை விட்டு இழுத்தேன். பிள்ளைக்கு உயிர் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என் ரவிக்கைக்குள் அதை வைத்துக்கொண்டேன்.

"ஏக்கா இப்பிடிச் செஞ்சே?" ஆத்திரத்தில் கத்தினேன்.

பல நாளாகப் பேசாதவள் அப்போது பேசினாள். "எங்கிட்ட இருந்தா செத்துப்போயிரும் ஆயம்மா. நா எதாச்சும் பண்ணிப்புடுவேன். அதான் தள்ளி வச்சிட்டு, தூரத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

என் ஆத்திரம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அவள் பிள்ளையை எறிந்துவிட்டுப் போகவில்லை. தன்னிடமிருந்து அதைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். தன் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு மழையில் காவல் இருந்திருக்கிறாள்.

"எந்திரி. ரெண்டு பேரும் எங்கூட வாங்க" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் பிள்ளைக் காம்பராவைத் தவிர வேறு இடம் தெரியவில்லை. மற்றப் பெண்கள் அவளைப் பிடித்து நடத்தி வந்தார்கள். அடுப்பருகே உட்கார வைத்து, ஈரச் சேலையை மாற்றி, பிள்ளைக்குத் துணியைச் சுட வைத்து ஒத்தடம் கொடுத்தோம். மத்தியானத்துக்குள் அதன் உதட்டுக்கு நிறம் வந்தது.

மறுநாள் நோனா வந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். தராசுத் துணியில் போட்டு நிறுத்தார். அக்காவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொடுத்தார். வெள்ளைச் சேலையில் கரி படிந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இது பேய் இல்ல நங்கி" என்றார் என்னிடம். தங்கச்சி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். "பிள்ள பொறந்த பொறகு சில அம்மாவுக்கு மனசு இப்பிடி ஆகும். நான் முன்னயும் பாத்தது. இது போகும். ஆனா தனிய விடக் கூடாது. பகல்ல யாராவது பக்கத்துல இருக்க வேணும். பிள்ளயப் பிரிக்கவும் கூடாது. நீங்க பக்கத்துல இருந்து, இவங்க மடியில பிள்ள வைங்க."

சாயங்காலம் புருஷனைக் கூப்பிட்டு அவரே பேசினார். கோடாங்கியைப் பற்றிப் புருஷன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது நோனா சிரிக்கவில்லை. "நூல் கட்டுறது கட்டட்டும். ஆனா அடிக்க வேணாம், பொகை போட வேணாம். தூக்கம் வேணும் இவங்களுக்கு." அவர் தலையாட்டினார். மூன்றாவது வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்து ஒரு கறுப்பு நூலைக் கட்டிவிட்டுப் போனார். எல்லாருக்கும் திருப்தி.

அப்படித்தான் அக்காவும் மூன்று பிள்ளைகளும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார்கள். காலையில் புருஷன் பெரட்டுக்குப் போகிற வழியில் அவர்களைக் கொண்டுவந்து விடுவார். நான் அவள் மடியில் பிள்ளையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முலையைப் பிடிக்க வைப்பேன். பால் குறைந்துபோயிருந்தது. மிச்சத்துக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தேன். அவர்கள் பேரை நோட்டில் எழுதவில்லை.

அடுத்த வாரம் கண்டாக்கையா வந்தார். வாசலில் நின்றபடியே உள்ளே எண்ணினார்.

"இவ ஏன் இங்க உக்காந்திருக்கா? பெரட்டுக்கு வந்தாளா?"

"இல்லீங்கய்யா. சொகமில்லீங்க."

"சொகமில்லேன்னா லயத்துல படுக்கச் சொல்லு. இது என்னா சத்திரமா?" அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குரலைக் கொஞ்சம் இறக்கினார். "இந்த மாதிரி ஆளுங்கள கொழும்புக்கு அனுப்புவாங்க. அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு."

"அனுப்புனா புள்ளைங்க என்னா ஆகுங்கய்யா?"

"அத எங்கிட்டக் கேக்காத. பால்மா இருவத்தெட்டுப் புள்ளைக்குத்தான் வருது. முப்பத்தொன்னுக்கு நா எங்க போவேன்? நாளைக்கு நா வர்றப்ப இதுங்க இங்க இருக்கக் கூடாது. இருந்தா ஒன்னையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அவர் கெட்ட மனிதர் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவருக்கு மேலே ஒரு துரை இருந்தார். துரைக்கு மேலேயும் யாரோ இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது இதுதான்: இந்த வேலை போனால் இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

பத்து மணிக்குத் தாய்மார் வந்தார்கள். அவரவர் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். நான் அடுப்புப் பக்கம் நின்று, கண்டாக்கையா சொன்னதை அப்படியே சொன்னேன். யோசனை கேட்கச் சொல்லவில்லை. மனசில் வைத்திருக்க முடியாமல் சொன்னேன். அக்கா அந்த மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

 

முதலில் பேசியவள் நடு லயத்துக்காரி ஒருத்தி. அவளுக்கும் இந்த அக்காவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குடத்தை நகர்த்தியதில் வந்த சண்டை. அது முடியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போனது எல்லாருக்கும் தெரியும்.

"எம் புள்ள பால்ல ஒரு வாய் கொறச்சு ஊத்துங்க ஆயம்மா" என்றாள் அவள். மூலையைப் பார்க்காமல், தன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒரு வாயில என்னா கொறஞ்சிரப் போகுது?"

"எம் புள்ளைக்கும் கொறச்சுக்கங்க" என்றாள் இன்னொருத்தி. பிறகு மற்றவர்கள். ஒருத்தி மட்டும் அழுதுவிட்டாள். அவள் பிள்ளை வயிற்றோட்டத்தில் கிடந்து எழுந்த பிள்ளை. "எம் புள்ள ஏற்கெனவே தேஞ்சு கெடக்கு ஆயம்மா. நா என்னா செய்ய?" நான், "ஒம் புள்ளைக்குக் கொறைக்க மாட்டேன். நீ பேசாம இரு" என்றேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் கண்டாக்கையா சொன்னபடி வந்தார். அவர் வருகிற நேரம் தெரிந்தோ தெரியாமலோ, நடு லயத்துக்காரி அப்போது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் அக்காவைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது.

"நா என்னா சொன்னேன்?"

"பால்மா கூடக் கேக்கலீங்கய்யா" என்றேன். "அதே இருவத்தெட்டுப் புள்ளைக்கு வர்றதுதாங்க. கரைக்கிறப்போ பிரிச்சுக் குடுக்குறேங்க."

"யாரு ஒனக்கு அனுமதி குடுத்தா? அது பேர் விழுந்தவுங்க புள்ளைங்களுக்கு உள்ளது."

"பேர் விழுந்தவுங்கதாங்க குடுத்தோம்" என்றாள் நடு லயத்துக்காரி. உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. மடியில் பிள்ளை இருந்ததால் எழாதது மரியாதைக் குறைவாகவும் இல்லை. "எங்க புள்ளைங்க பால நாங்க குடுக்குறோம். அதுல என்னாங்கய்யா குத்தம்?"

கண்டாக்கையா கைத்தடியால் வாசற்படியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பூராவும் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த நாள் வந்தவர் தோட்டத்து டாக்டரையா. படித்த டாக்டர் இல்லை. மருந்து கலக்கிக் கொடுக்கிறவர். ஆனால் எங்களுக்கு அவர்தான் டாக்டர். கண்டாக்கையா அனுப்பித்தான் வந்தார் என்பது தெரிந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்தத்தான் காகிதம் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவைச் சோதித்தார். பிள்ளையைச் சோதித்தார். பிள்ளையைத் தராசில் நிறுத்து, நோனா முன் வியாழக்கிழமை எழுதி வைத்திருந்த நிறைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிள்ளை ஆறு நாளில் கால் றாத்தல் ஏறியிருந்தது.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, பெட்டியின் மேல் வைத்து எழுதினார். இந்தத் தாய் வைத்தியத்தில் இருக்கிறாள், பகல் வேளையில் இவளும் பிள்ளைகளும் பிள்ளைக் காம்பராவில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பால்மாவும் மூன்று பேருக்குக் கூட்டி எழுதியிருந்தார். எனக்கு இங்கிலீசு தெரியாததால் அவரே வாசித்துச் சொன்னார்.

அடுத்த வாரம் கண்டாக்கையா வந்தபோது துண்டைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். "துண்டு இருந்தாச் செரி" என்றார். அவருக்கும் ஒரு பாரம் இறங்கியது போலத்தான் எனக்குப் பட்டது. டாக்டரையாவிடம் போனது அவர்தானே. அதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அக்கா உடனே தேறிவிடவில்லை. இரண்டு வாரம் போல மூலையிலேயே இருந்தாள். கொடுத்தால் சாப்பிடுவாள். பிள்ளையை மடியில் வைத்தால் வைத்துக்கொள்வாள். எடுத்தால் கையை அப்படியே வைத்திருப்பாள். சில நாள் காரணமில்லாமல் கண்ணீர் வடியும். நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துக்கொண்டு, அவளோடு பேசிக்கொண்டே இருப்பேன். அவள் நடித்துக் காட்டியதையெல்லாம் நான் அவளுக்கு நடித்துக் காட்டப் பார்த்தேன். எனக்கு அது வரவில்லை.

ஒரு நாள் புதிதாக ஒரு தொட்டில் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த முடிச்சு நிக்காது."

திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்காது? எட்டு வருசமா இப்பிடித்தான் கட்டுறேன்."

"எட்டு வருசமாத் தப்பாக் கட்டுறீங்க" என்றாள். எழுந்து வந்து என் முடிச்சை அவிழ்த்து, வேறு மாதிரி இரட்டையாகச் சுற்றிக் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். திரும்பப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் மற்ற முடிச்சுகளையும் அவிழ்த்துக் கட்டினாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பாத்திரம் கழுவினாள். அழுகிற பிள்ளையைத் தூக்கினாள். முதலில் மற்றவர்களின் பிள்ளைகளைத்தான் தூக்கினாள். தன் பிள்ளையைத் தானாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டது கடைசியில்தான். நான் அதைப் பார்க்காதது போல அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். நோனா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரிதுபடுத்தினால் பயந்துகொள்வார்கள் என்று.

மூத்த பெண்ணுக்குத்தான் இந்த மாற்றம் கஷ்டமாக இருந்தது. தங்கச்சியைத் தூக்க வேண்டாம், போய் விளையாடு என்றால் அவளுக்கு விளையாடத் தெரியவில்லை. வாசலில் நின்றுகொண்டு, யாராவது பிள்ளை அழுதால் ஓடி வருவாள். அந்த இடுப்பு ஒடிந்த நிலையிலேயே நிற்பாள், பிள்ளை இல்லாமலே. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கல்லாங்காய் ஆட அவளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

நாலாவது மாதத்தில் அக்கா பெரட்டுக்குப் போனாள். காலையில் மூன்று பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டாள். நான் நோட்டில் பேரை எழுதினேன். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். பத்து மணிக்கு இறங்கி வந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை. மற்றவர்களோடு சிரித்துப் பேசினாள். பழைய சத்தம் முழுசாக இல்லாவிட்டாலும் கொஞ்சம் திரும்பியிருந்தது. என்னிடம் மட்டும் பிள்ளையைக் கொடுப்பாள், வாங்குவாள், அவ்வளவுதான். கண்ணோடு கண் பார்க்கமாட்டாள். எனக்கு அது வலித்தது. நன்றி எதிர்பார்த்தேனா என்று கேட்டால் ஆமாம், எதிர்பார்த்தேன்தான். அந்தக் கானருகே முழங்காலில் விழுந்தவள் நான். வேலை போய்விடும் என்று தெரிந்தும் அவளை வெளியே அனுப்பாதவள் நான். இரண்டொரு தரம் நோனாவிடம் முறையிட்டேன். நோனா, "அவங்க நல்லா இருக்காங்க தானே? பிறகு என்ன நங்கி?" என்றார்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வேலையில்லாத நாளில், அவள் என் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் வந்ததில்லை. கையில் ஒரு சிறிய பூசணிக்காய். அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

"ஆயம்மா, எனக்கு நாள் தள்ளியிருக்கு."

"எத்தன மாசம்?"

"மூனு. அவுங்களுக்குக் கூட இன்னும் சொல்லல. ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்." பூசணிக்காயின் காம்பைத் திருகினாள். "மறுபடி அப்பிடி வந்துருமா?"

வராது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "தெரியாதுக்கா. வந்தாலும் வரும். வந்தா இந்தத் தடவ நமக்கு என்னான்னு தெரியும்" என்றேன்.

அவள் அழுதாள். பிறகு, கேட்காமலே, இரண்டு வருஷமாக என்னைப் பார்க்காததற்குக் காரணம் சொன்னாள். "ஒங்களப் பாத்தா எனக்கு அந்த மழைதான் ஞாபகம் வரும். நா என்னா செய்யப் பாத்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல. அதான்."

"நீ புள்ளைக்குக் கம்பளி போத்தியிருந்தக்கா. நீ நனைஞ்சுகிட்டிருந்தே. எனக்கு ஞாபகம் இருக்குறது அதுதான்" என்றேன்.

அவள் அதைக் கேள்விப்படாதது போல என்னைப் பார்த்தாள். தான் கம்பளி போர்த்தியது அவளுக்கு ஞாபகமே இல்லை.

நோனாவிடம் சேர்ந்தே போனோம். மூவரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்துகொண்டோம். பிள்ளை பிறந்த முதல் வாரத்திலிருந்தே பகலில் பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிட வேண்டும். டாக்டரையா முன்கூட்டியே துண்டு எழுதிவிடுவார். லயத்தில் இருக்கிற நேரத்துக்கு நடு லயத்துக்காரி தானே வந்து துணைக்கு இருப்பதாகச் சொன்னாள். பீலிச் சண்டை எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது, "அது எப்பவோ" என்றாள்.

நாலாவது பிள்ளை ஆண். எட்டாம் நாள் அக்காவுக்குத் தூக்கம் போனது. ஒன்பதாம் நாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். பத்தாம் நாள் காலையில், நடு லயத்துக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை இன்னொரு கையில் அணைத்தபடி படியேறி வந்து, "வந்துருச்சி ஆயம்மா" என்றாள். வாயால் சொல்லும் அளவுக்குத் தெளிவு இருந்தது. அடுப்புப் பக்கத்தில் பாயை விரித்தேன். படுத்துக்கொண்டாள். பிள்ளையை அவள் கைக்கெட்டும் தூரத்தில் கிடத்தினேன்.

இருபது நாள் மோசமாக இருந்தது. ஐந்தாவது வாரத்தில் எழுந்து, என்னைத் தள்ளிவிட்டு அவளே பால் காய்ச்சினாள். அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கு அதைத்தான் குடித்தார்கள்.